குதிகால்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு வயது 53. பக்கவாதம் வந்து 19 நாள் ஆகிறது. வலது பக்கம் அசைவில்லை, பேச்சில்லை. தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நேற்று துணி மாற்றும்போது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து உரிந்திருந்தது. "படுக்கைப் புண், படுத்தே கிடந்தால் இப்படித்தான்" என்கிறார்கள். பெரிய டாக்டர் நிற்பது இரண்டு நிமிடம். அதிகம் கேட்டால் கவனிப்பைக் குறைத்துவிடுவார்களோ என்று பயம். அன்று காலை அவர் வாய் குழறியதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இப்போது நான் செய்வதெல்லாம் குளிருக்குச் சாக்ஸ் போட்டுவிடுவதும் நெற்றியில் விபூதி இடுவதும்தான். வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா? வழக்குப் போடலாமா? ஜாதகப்படி தை வரை பொறுக்கச் சொல்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

ஜாதகத்தை மூடி வையுங்கள். வாய் குழறிய அந்தக் காலையையும் இப்போது தோண்டாதீர்கள். வாய் குழறுவது போன்ற முதல் அறிகுறி தெரிந்து நாலரை மணி நேரத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும் என்பது உண்மைதான். அன்று அது உங்களுக்குத் தெரியாது. தெரியாததற்கு உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருந்தால் கட்டிலில் கிடப்பவரை யார் பார்ப்பது?

சென்ற வாரம் உறவினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நலம் விசாரிக்கும் முன்பே போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்தேன். அவருடைய மகள் முகம் சுளித்தாள். 2008 முதல் எனக்கு இந்தப் பழக்கம்.

அந்த ஆண்டு என் மனைவிக்கு முதுகெலும்பில் காசநோய். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. 38 நாள் வார்டில் கிடந்தாள். நான் பகலெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். கால்மாட்டுக்கு ஒருநாளும் போகவில்லை. நான் மாட்டிவிட்ட சாக்ஸை ஆயாம்மா ஒருவர் கழற்றிக் காட்டினார். இடது குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு. அவளுக்கு வலிக்கவில்லை, வலித்திருந்தால் சொல்லியிருப்பாள். நோய் குணமாகி அவள் நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குதிகால் ஆற ஓராண்டு ஆனது.

புறங்கையை வைத்துப் பார்க்க அந்த ஆயாம்மாதான் கற்றுக்கொடுத்தார். புண் வரப்போகும் இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கும், அல்லது கெட்டித்திருக்கும். அழுத்தினால் வெளுக்காத சிவப்பே முதல் அடையாளம் என்று பாடங்களில் இருக்கிறது. நம் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு அகப்படாது, கைக்குத்தான் அகப்படும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுபோகிறது, அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் மாற்ற வேண்டும். ஈரம் தங்கக் கூடாது. ஸ்பிரிட் தடவித் தேய்ப்பது உதவி என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நைந்த தோல் இன்னும் நையும்.

எல்லாப் படுக்கைப் புண்ணும் அலட்சியத்தால் வருவதில்லை. இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்குப் போராடுபவருக்கு எவ்வளவு பார்த்தாலும் வரலாம். ஆனால் "இப்படித்தான்" என்பது பதில் ஆகாது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று எழுதி வைத்த தாளைக் கேளுங்கள். அப்படி ஒரு தாளே இல்லையென்றால் உங்களுக்கே புரிந்துவிடும்.

கேட்டால் கவனிப்பு குறையுமாம்! இந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 19 நாளாகக் கேட்காமல் இருந்தீர்களே, கவனிப்பு கூடியதா? நானும் இதே பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன், அதனால்தான் இவ்வளவு உரத்துச் சொல்கிறேன். செவிலியரிடம் சண்டை போடாதீர்கள். இரவில் அந்தப் பெண் எத்தனை கட்டிலுக்கு ஓடுகிறாள் என்று எண்ணிப் பார்த்தால் சண்டை போட மனம் வராது. "நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன், சேர்ந்து திருப்புவோம்" என்று எழுந்து நில்லுங்கள்.

வழக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கேஸ் ஷீட் நகலை மட்டும் இப்போதே எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. மாற்றுவதா வேண்டாமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அந்தப் புண்ணை அறுவை மருத்துவர் ஒருவர் நாளைக்குள் பார்த்தாக வேண்டும். மேலே தெரிவதைவிட அடியில் பெரிதாக இருக்கலாம்.

சாக்ஸ் போட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இன்று மாலை போனதும் அதைக் கழற்றுங்கள். முதலில் வலது கால். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.