அந்தப் பையன் வீட்டிலும் இதே புலம்பல்தான்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. அதட்டிக் கேட்டதில் சிகரெட் பிடிப்பதை ஒப்புக்கொண்டான். தங்கமான பிள்ளை, டியூஷனில் பழக்கமான ஒரு பையன்தான் கெடுத்துவிட்டான். அவனோடு சேராதே என்று கண்டித்துவிட்டோம். இது போதுமா?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதாது. அந்தப் பையனின் அம்மாவும் இந்நேரம் "மஞ்சக்குப்பத்துப் பையன் ஒருவன்தான் கெடுத்துவிட்டான்" என்று யாரிடமாவது புலம்பிக்கொண்டிருப்பார். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மகனைக் கெடுத்த நண்பர்கள் ஏராளம். நண்பனைக் கெடுத்த மகன் ஒருவன்கூட இதுவரை வந்ததில்லை.

கூட்டாளிகளால் இந்தப் பழக்கம் தொற்றும் என்பது உண்மைதான். எப்படித் தொற்றுகிறது என்பதைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருநாள் பார்த்தேன். பெட்டிக்கடை முன்னால் சீருடையோடு நான்கு பையன்கள். சில்லறை சேர்த்து வாங்கிய ஒரே சிகரெட். கடையில் தொங்கிய கயிற்றுக் கங்கில் பற்றவைத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். மூன்றாமவன் இழுத்ததும் கண்ணில் நீர் வர இருமினான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை இழுத்தான். பிறகு ஆளுக்கொரு கொய்யா இலையை மென்றபடி சைக்கிளை மிதித்தார்கள். ஒருவரும் அவனை வற்புறுத்தவில்லை. அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

18 வயது நிரம்பாதவருக்குச் சிகரெட் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்படி ஏழாண்டு வரை சிறைகூட உண்டு. இது தெரிந்தும் அந்தக் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் வந்தவன் நான். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

நண்பன் மாற்றுவது ஒரு பக்கம். புகைத்துப் பார்க்கும் ஆசை வந்த பிள்ளை அதற்குத் தோதான நண்பனைத் தேடிப் போவது இன்னொரு பக்கம். இந்தப் பையனை விரட்டினால், தீபாவளிக்குள் வேறொருவன் கிடைப்பான். "எல்லோரும்தான் பிடிக்கிறார்கள்" என்று உங்கள் மகன் சொல்லியிருப்பானே? 2019-இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவர்களில் ஏதாவது ஒரு வகைப் புகையிலையை அப்போது பயன்படுத்திவந்தவர்கள் 8.5 சதவீதம்தான். மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் அவன் கண்ணில் படவில்லை. பெட்டிக்கடை வாசலில் நின்றால் எப்படிப் படுவார்கள்?

அது கிடக்கட்டும். இத்தனை எழுதிய நீங்கள் அவன் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டா? சாப்பிட்டு முடித்ததும் "ஓடிப்போய் ஒன்று வாங்கி வா" என்று பிள்ளையை அனுப்பியதுண்டா? உண்டென்றால், டியூஷன் பையன் இரண்டாவது கூட்டாளிதான்.

அந்த டியூஷன் பையனை இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, கத்தாமல் பேசுங்கள். விட நினைத்தும் முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். உங்கள் மகனின் அப்பாவும் பேசலாம்.