வெள்ளிக்கிழமைக் கூட்டமும் ஜெபக் குறிப்பேடும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வசிக்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். என் தாயார் எங்கள் திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல ஆண்டுகளாக உறுப்பினர். இப்போது அதன் பொருளாளர். வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டத்தை எதற்காகவும் தவறவிட மாட்டார். பாட்டு, வேதபாடம், ஜெபம், பிறகு தேநீர். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுபோகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலை, ஜூன் மாதம் சில பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம். நான் பார்த்த பணி இவ்வளவுதான்.

கஞ்சியும் சேலையும் யாருடைய வறுமையைத் தீர்த்தன என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊரார் வீட்டுக் கதையெல்லாம் அங்கே பேசப்படுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, ஆண்டு முழுவதும் சமைத்தும் விற்றும் பணம் சேர்த்துக் கொடுக்கிற இந்தப் பெண்களுக்குச் சபைக் குழுவில் ஒரு சொல் பேச இடமில்லை. அடுத்த ஆண்டு என்னைச் செயலாளராக வரச் சொல்கிறார் அம்மா. எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. இந்தச் சங்கத்தின் மீதுதான் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூன்றாவது குறையை நான் முழுவதுமாக ஏற்கிறேன். இரண்டாவது குறை பாதிதான் உண்மை. ஆனால் அந்த இரண்டாவதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் முதலாவதற்குப் பதில் கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவிடம் கேட்டு அந்தச் சங்கத்தின் ஜெபக் குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சபையின் குறிப்பேட்டை, செயலாளரின் அனுமதியோடு நான் பார்த்திருக்கிறேன். கோடு போட்ட நீள நோட்டு. இடது ஓரத்தில் தேதி, நடுவில் விண்ணப்பம், விண்ணப்பம் நிறைவேறியிருந்தால் வலது ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஸ்தோத்திரம்’. “மருமகள், ஏழாம் மாதம், இரத்தம் குறைவு.” “லீஸ் முடிந்தது, ஓனர் பணம் திருப்பவில்லை, வீடு காலி செய்யச் சொல்கிறார்.” “கணவருக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு முறை.” இந்த வரிகளுக்குக் கீழே பென்சிலில் வேறொரு கையெழுத்து: “பேரீச்சை, கீரை – வியாழன் கொடுத்தாயிற்று.” “வக்கீலிடம் பேச யார் கூடப் போவது?” “செவ்வாய் ஆட்டோ – நான்.”

பேனாவில் எழுதியது ஜெபம், பென்சிலில் எழுதியது பணி என்று அந்த நோட்டைப் பிரித்துப் படிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. லீஸுக்குக் கொடுத்த மொத்தப் பணமும் வீட்டு உரிமையாளரிடம் சிக்கிக்கொண்ட அவமானத்தை ஒரு பெண் ஆயரிடம் சொல்ல மாட்டாள், வார்டு அலுவலகத்தில் சொல்ல மாட்டாள், ஊரிலிருக்கும் தன் அண்ணனிடம் நிச்சயமாகச் சொல்ல மாட்டாள். வாரந்தோறும் தன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற பெண்களிடம், கண்களை மூடிக்கொண்டு, கடவுளிடம் சொல்வதுபோல அவர்களும் கேட்கும்படி சொல்வாள். எந்தக் கணக்கெடுப்பாலும் சேகரிக்க முடியாத செய்தி அது. இந்தச் சங்கங்களின் முதன்மையான சாதனையாக நான் கருதுவது, யாருக்கு எப்போது என்ன தேவை என்பதைத் தெரிந்துவைத்திருப்பதைத்தான். கொடுப்பது அதற்குப் பிறகு வருகிறது.

இப்படிச் சேரும் செய்தி வம்பாக மாறும் ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்பதை ஜெபக் குறிப்பாகச் சொல்லி, எல்லோரும் “ஐயோ” என்று பெருமூச்சு விடுகிற கூட்டங்கள் இருக்கின்றன. அது பாவம் என்றே சொல்வேன். தன் பாரத்தைத் தானே சொல்லலாம். பிறர் பாரத்தை அவர் ஒப்புதலோடு மட்டுமே சொல்லலாம் என்ற ஒரு விதியை நல்ல செயலாளர் ஒருவர் ஒரே ஆண்டில் நிலைநிறுத்திவிட முடியும்.

செய்தியையும் ஜெபத்தையும் சேர்த்துப் பார்ப்பது உங்கள் அம்மாவின் சங்கம் கண்டுபிடித்த வழக்கமல்ல. மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை நடக்கும் உலக ஜெப நாளின் வேர் 1887-இல் அமெரிக்கப் பெண்கள் தொடங்கிய ஒரு ஜெப நாளில் இருக்கிறது; 1927 முதல் அது உலகளாவிய நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டின் பெண்கள் வழிபாட்டை எழுத, மற்ற நாட்டுப் பெண்கள் அந்த நாட்டைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டு ஜெபிக்கிறார்கள். அறிந்து ஜெபிப்பது, ஜெபித்துச் செயல்படுவது என்பதே அதன் குறிக்கோள் வாசகம். 2024-இல் பாலஸ்தீனப் பெண்களும், 2025-இல் குக் தீவுகளின் பெண்களும், 2026-க்கு நைஜீரியப் பெண்களும் எழுதினார்கள். தெருவில் இருக்கும் வீட்டுக்கும் தொலைவில் இருக்கும் நாட்டுக்கும் முறை ஒன்றுதான்.

இனி, வறுமை தீர்ந்ததா என்ற கேள்வி. தீரவில்லை. அரசும் கூலியும் நிலமும் செய்ய வேண்டியதை ஒரு பெண்கள் சங்கத்தின் கஞ்சிப் பானை செய்யாது. அதைச் செய்யவில்லை என்பதற்காக அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அளவு சிறியது என்பதைக் குறையாக நினைக்காத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 1956-இல் சாந்தி சாலமோன் என்ற இந்தியப் பெண்மணி, பல நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் குழுவோடு ஆசிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். கொரியாவுக்குச் செல்ல அவருக்கு மட்டும் விசா கிடைக்காமல் பிலிப்பைன்ஸில் தங்கிவிட வேண்டியதாயிற்று. தன்னால் கடக்க முடியாத எல்லையை ஜெபம் கடக்கும் என்று அங்கே அவர் எண்ணினார். குழு திரும்பி வந்ததும், பெண்கள் ஜெபிக்கும் ஒவ்வொரு முறையும் தங்கள் நாட்டு நாணயத்தில் மிகச் சிறியதை எடுத்து வைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னார். நம் சபைகளில் ‘லீஸ்ட் காயின்’ என்று சொல்லிச் சேர்க்கிற காசு அதுதான். மிகச் சிறிய காசு என்பதை வேண்டுமென்றே வைத்தார்கள்: வீட்டு வேலை செய்பவளும் டாக்டர் மனைவியும் ஒரே தொகையைப் போட வேண்டும், யாரும் பெருமை பேசக் கூடாது. 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனது. இப்போது நம் பெண்கள் பெரும்பாலும் ஒரு ரூபாய் போடுகிறார்கள்.

உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கமும் இதே வகைதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த பாட்டிமார்கள் அதைப் பெங்களூருக்கும் கொண்டுவந்தார்கள். மிசோரம் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்துவருகிறார்கள். அங்கே ஊழியங்களைத் தாங்கும் முக்கிய வருமானங்களில் ஒன்றாகவே அது வளர்ந்திருக்கிறது. பணம் படைத்தவர் மட்டுமே தர்மம் செய்ய முடியும் என்ற எண்ணத்தை இந்தப் பெண்கள் எந்த வாதமும் இல்லாமல் உடைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூரின் பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்திருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ கன்னடம் தெரியாது. எந்தக் கவுன்ட்டரில் எந்தத் தாளைக் கொடுப்பது என்று தெரியாது. இரவில் எங்கே படுப்பது என்று தெரியாது. கஞ்சி வாளியோடு போகும் பெண் அங்கே தமிழில் பேசுகிறாள். பல நேரங்களில் அந்தப் பேச்சுக்கு ஒரு முகாந்திரமாகத்தான் கஞ்சி போகிறது. அதேபோல, குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹலட்சுமித் திட்டம் 2023-இல் கர்நாடகத்தில் தொடங்கியபோது, ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக இருந்த பெண்களைச் சேவை மையத்துக்கு அழைத்துப்போன சங்க உறுப்பினர்களை எனக்குத் தெரியும். வரிசையில் நின்ற அந்த நாள்கள் எந்த ஆண்டறிக்கையிலும் வராது. வர வேண்டும் என்பேன்.

தீர்வே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. நினைவு தப்பிய மாமியார், சிறையிலிருக்கும் மகன், வலி மருந்து மட்டுமே மிஞ்சிய புற்றுநோய். இங்கே அரிசியும் பணமும் தேவைப்படாமல் இருக்கலாம். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பப் போய் அருகில் உட்காருவதற்கு நல்ல மனது மட்டும் போதாது. சில வாரங்களில் அது சோர்ந்துவிடும். போனால் ஒரு சங்கீதம் வாசிக்கலாம், ஒரு கீர்த்தனை பாடலாம், கையைப் பிடித்து ஜெபிக்கலாம் என்பது இந்தப் பெண்களை அடுத்த வாரமும் அந்தப் படியேற வைக்கிறது. விசுவாசம் என்ன செய்கிறது என்று கேட்டால், நான் கண்ணால் கண்டு சாட்சி சொல்லக்கூடியது இதுதான்.

கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை. கத்தோலிக்கச் சபையில் மரியாயின் சேனை 1921-இல் டப்ளினில், பெரும்பாலும் பெண்களைக் கொண்டு தொடங்கியது. வீடு வீடாகச் சென்று சந்திப்பதை முக்கியப் பணியாகக் கொண்ட அந்தச் சேனை, பொருளுதவி கொடுப்பதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்திருக்கிறது. பொருளுதவிக்கு வின்சென்ட் தே பவுல் சபை போன்றவை தனியே இருக்கின்றன. இந்தப் பிரிவினையை நான் மதிக்கிறேன். கர்நாடகத்தில் 2022-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் பரிசையும் பொருளுதவியையும் கூட ஆசைகாட்டுதல் என்ற வரையறைக்குள் வைத்ததும், பக்கத்து வீட்டுக்கு அரிசி கொடுக்கவே பல பெண்கள் தயங்கினார்கள். சட்டத்தைப் பற்றிய என் வருத்தம் வேறு. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும், அரிசிப் பையோடு துண்டுப்பிரதியை வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பெறுபவர் நன்றிக்கடனாகத் தலையாட்ட வேண்டிய நிலையை உண்டாக்குவது அன்பாகாது. சேலை வாங்கும் விதவையை மேடையேற்றிப் படம் எடுப்பதையும் இதோடு சேர்த்தே நிறுத்த வேண்டும்.

உங்கள் மூன்றாவது குறைக்கு வருகிறேன். அறுப்பின் பண்டிகையன்று முறுக்கும் அதிரசமும் எலுமிச்சை ஊறுகாயும் ஏலத்தில் போகின்றன. அடுப்படியில் நின்றவர்கள் பெண்கள். வசூலைச் சுற்றுச்சுவருக்குச் செலவிடுவதா, பிள்ளைகளின் படிப்புக்கா என்று தீர்மானிக்கும் மேசையில் அமர்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்கிறது. 2013-இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். பேராயர் நாற்காலி வரை போன பிறகும் உள்ளூர்ச் சபைக் குழுவின் கதவு இறுகியே இருப்பது வேதனையான செய்தி. லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கு ஊழியம் செய்தார்கள் என்று படிக்கிறோம். அந்த வசனத்தைக் காணிக்கை கேட்கும்போது மட்டும் நினைவுகூர்வது சரியில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைக்காரரும் கோலார் தங்கவயல்காரரும் வட ஆற்காட்டுக்காரரும் இந்த நகரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். ஆனால் தேநீர் நேரத்தில் கல்யாணப் பேச்சு வந்தால் சாதி தலைகாட்டிவிடுகிறது. அந்தப் பேச்சை முகத்துக்கு நேரே நிறுத்தக்கூடிய இளையவர்கள் அந்த அறையில் தேவை.

ஆகவே, போங்கள். உடனே செயலாளராக வேண்டாம். ஓராண்டு துணைச் செயலாளராக இருங்கள். எந்த வீட்டுக்கு யார் போனால் கதவு திறக்கும், எந்த வீட்டில் பணத்தை மாமியார் கையில் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்காது. அதை உங்கள் அம்மாவோடு நடந்துதான் கற்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் கூட்டம் உங்களைப் போல் வேலைக்குப் போகும் பெண்களையும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களையும் ஒருசேர வெளியே நிறுத்திவிடுகிறது. மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வைக்கும்படி கேளுங்கள். சங்கத்தின் வரவு செலவை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளரே எழுந்து நின்று வாசிக்கட்டும். தாங்கள் சேர்த்த பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற தீர்மானத்தையும் அவர்களே முன்மொழியட்டும். முதல் முறை சலசலப்பு எழும். தீர்மானத்தை எழுத்தில் கொடுத்து, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்.