டெல்டாவில் அடைமழைக் காலம்: கேட்டதும் சொன்னதும்

மன்னார்குடிக்குத் தெற்கே எனக்கு நாலு ஏக்கர் நெல்லும் ஒரு சின்னத் தென்னந்தோப்பும் இருக்கின்றன. 2003-லிருந்து தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். வானிலைத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை; அவர்கள் அறிக்கையை வயலுக்கு ஏற்றபடி படித்துப் பழகியவன், அவ்வளவுதான். மழை, புயல் பற்றி காவிரி டெல்டா விவசாயிகள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் கீழே; ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: அண்ணே, ஆரஞ்சு அலர்ட் போட்ட அன்னிக்கு எங்க ஊர்ல தூறல்கூட இல்ல. போடாத அன்னிக்குக் கொட்டித் தீர்க்குது. இதை நம்பி மேலுரம் போடலாமா?

தம்பி, அலர்ட் மாவட்டத்துக்கு. உங்கள் வயலுக்கு இல்லை. கலரை விட்டுவிட்டு அறிக்கையில் உள்ள இடச்சொல்லைப் பாருங்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்குள்தான் பெய்யும். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். ‘ஓரிரு இடங்களில் மிகக் கனமழை’ என்றால் நான் உரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ‘பெரும்பாலான இடங்களில்’ என்று வந்துவிட்டால் மூட்டையைப் பிரிக்கவே மாட்டேன். தண்ணீரோடு போகும் யூரியா பக்கத்து வயலுக்குக்கூடப் பயன்படாமல் வடிகாலுக்குத்தான் போகும்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.-லிருந்து 11.5 வரை கனமழை. 20.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை. ‘இன்று பதிவான மழை’ என்று டிவியில் சொல்வதில் பெரும்பகுதி நேற்றுப் பெய்தது.

தலைஞாயிறு பக்கம்: மழை விட்டு மூணு நாள் ஆச்சு, வயல்ல தண்ணி அப்படியே நிக்குது. மேல இருக்கிறவங்களுக்கு வடிஞ்சிடுச்சு. எங்களுக்கு மட்டும் ஏன் ஐயா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. மற்றவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் நாலு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி முப்பதுக்கு மேல், ஒரே ஏக்கரில் கொட்டியது மாதிரி. அது உங்கள் ஏக்கரில் மட்டும் விழவில்லை. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் விழுந்ததும் உங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் ஆறுகள் தலைப்பில் (ஆறு பிரியும் மேல்பக்கம்) பாசனம், கடைமடையில் (கடலோரக் கடைசி வயல்கள் பக்கம்) வடிகால். தலைப்பில் இருப்பவன் மடையைத் திறந்தால் அவன் கவலை தீர்ந்தது, உங்கள் கவலை ஆரம்பம்.

அடுத்தது சரிவு. நம் கடைமடையில் நிலம் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. கடல் மட்டத்துக்கும் ஆற்று மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் சில அடிதான். கடல் ஏறினால் ஆறு நின்றுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும், இரண்டு முறை இறங்கும். இறங்கும்போது மட்டும்தான் தண்ணீர் ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் கூடுதலாக ஏறும். அதோடு கீழைக்காற்று விடாமல் அடித்தால் கடல் கரையோரமாக உயர்ந்தே நிற்கும். அதனால்தான் ஒரே அளவு மழைக்கு ஒரு வருஷம் இரண்டு நாளில் வடிகிறது, இன்னொரு வருஷம் ஒரு வாரம் ஆகிறது. மழை எச்சரிக்கை வந்தால் நான் முதலில் காலண்டரில் அமாவாசை எப்போது என்றுதான் பார்ப்பேன்.

மூன்றாவது, நாமே செய்துகொண்டது. வெங்காயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் வடிவாய்க்காலை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆற்றைத் தூர் வாருவது அரசு வேலை. உங்கள் வயலிலிருந்து அந்த ஆறு வரை போகும் வாய்க்கால் ஊர் வேலை. புரட்டாசியிலேயே நாலு பேர் சேர்ந்து இறங்கினால் ஒரு நாள் வேலைதான். ஐப்பசியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெட்டினால் மூன்று நாள் ஆகிறது, பாம்பும் இருக்கிறது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மூழ்கின பயிருக்கு உடனே யூரியா அடிக்கச் சொல்றாங்களே?

நிற்கும் தண்ணீரில் வேண்டாம். வடித்துவிட்டு, இலை பச்சை திரும்பும் வரை இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். வேளாண் துறை வருஷா வருஷம் சொல்வதுதான். என் வயலில் கேட்டிருக்கிறது. தண்ணீர் முழுசாக வடியாமல் உரம் எடுக்க வழியில்லாத நிலைமை என்றால் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம்.

வருஷா வருஷம் மூழ்கும் பள்ளக்கால் நிலமாக இருந்தால் சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 மாதிரி ரகத்துக்கு மாறுங்கள். இளம்பயிரில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரும். ஆனால் தொண்டைக்கதிரில், அதாவது கதிர் வெளியே வரும் முன் உறைக்குள் இருக்கும்போது, மூழ்கினால் எந்த ரகமும் தாங்காது.

பட்டுக்கோட்டை: கஜா அன்னிக்கு நடுராத்திரிக்கு மேல காத்து திடீர்னு நின்னுடுச்சு. முடிஞ்சிடுச்சுன்னு வெளியே வந்தோம். கொஞ்ச நேரத்துல முன்னைவிட மோசமா எதிர்ப்பக்கத்துலேருந்து அடிச்சுது. அது என்ன?

நீங்கள் நின்றது புயலின் கண்ணுக்குள்ளே. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி மேற்கே போனது அது. நம் பக்கம் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது கிழக்கேயிருந்து வரும்போது உங்களுக்கு முதலில் வடக்குக் காற்று. நடுப்பகுதி தலைக்கு மேல் வந்தால் அமைதி. அது தாண்டிய உடனே தெற்குக் காற்று. வடக்கு அடியில் வேர் ஆட்டம் கண்ட மரத்தை தெற்கு அடி சாய்த்துவிடும். எங்கள் தோப்பில் விழுந்தவை பாதிக்கு மேல் வடக்கு நோக்கித்தான் கிடந்தன. இரண்டாவது அடியில் விழுந்தவை.

காற்று நின்றால் மாட்டைப் பார்க்கவோ, கூரையைக் கட்டவோ ஓடாதீர்கள். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று வானொலியில் சொல்லும் வரை உள்ளேயே இருங்கள்.

பேராவூரணி: கஜாவுல இருநூறு மரம் போச்சு. இப்ப வச்ச கன்னு காய்க்க ஆரம்பிச்சிருக்கு. அடுத்த புயலுக்கு என்னதான் செய்யறது? மரத்தைக் கட்டி வைக்கவா முடியும்?

கட்டி வைக்க முடியாது. தலைபாரத்தைக் குறைக்கலாம். இரண்டு நாள் முன்னதாக எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காயையும் இளநீரையும் இறக்கிவிடுங்கள். விலை கொஞ்சம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை. காய்ந்த மட்டையையும் கீழே தொங்கும் கனமான ஓலைகளையும் கழியுங்கள். தண்ணீர் பாய்ச்சுவதை அப்போதே நிறுத்துங்கள். வேரடி இறுகி இருக்க வேண்டும். இதெல்லாம் செய்தாலும் கண் நேராக மேலே வந்தால் மரம் போகும். மனதைத் தேற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் நாம் கண்ணின் பாதையில் இருப்பதில்லை, ஓரத்தில்தான் இருப்போம். ஓரத்தில் இருக்கும்போது இந்தக் கழிப்பு மரத்தைக் காப்பாற்றும்.

அடித்த பிறகு அவசரப்பட்டு வெட்டாதீர்கள். தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அது பச்சையாக நிமிர்ந்து நின்றால் ஓலை எல்லாம் போயிருந்தாலும் மரம் பிழைக்கும். குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்தால் அழுகல் வந்துவிட்டது என்று அர்த்தம். கொண்டை திருகிய மரங்களுக்கு ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) குருத்தில் ஊற்றுங்கள்.

விழுந்த மரத்தைத் தோப்பிலேயே மட்க விட்டதுதான் கஜாவுக்குப் பிறகு நாங்கள் செய்த பெரிய தப்பு. அந்தத் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் பெருகி, பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைத்தது. புயலில் போனது ஒரு பங்கு, வண்டில் போனது இன்னொரு பங்கு. அறுத்து வெளியேற்றுங்கள், முடியாவிட்டால் துண்டு போட்டு எரியுங்கள்.

திருவையாறு: வாழைக்கு?

சவுக்குக் கழி, இரண்டு இரண்டாகக் கத்திரி மாதிரி, தார் சாயும் பக்கம் முட்டுக் கொடுங்கள். புரட்டாசியிலேயே கழி வாங்கிவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு கழி வியாபாரி சொல்வதுதான் விலை.

கும்பகோணம்: ‘கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை’ன்னு எங்க அப்பா சொல்வாரு. அதை வச்சுத்தான் அறுவடை திட்டம் போடறோம்.

உங்கள் அப்பா சொன்னது பெரும்பாலான வருஷங்களுக்குச் சரி. ஆனால் அண்மை ஆண்டுகளைப் பாருங்கள். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி விடாமல் பெய்து, அறுவடைக்கு நின்ற சம்பா படுத்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கை வழியாக வந்த தாழ்வு மண்டலம் மறுபடியும் அதையே செய்தது. தெற்கே காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18-ல் சுமார் 95 செ.மீ. பெய்ததே, அது தமிழ்க் கணக்கில் மார்கழி முதல் இரண்டு நாள். கர்ணன் இப்போது கொஞ்சம் தாமதமாகத்தான் கதவைச் சாத்துகிறான். எல்லா வயலையும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வரும்படி நடாதீர்கள்.

மயிலாடுதுறை: பேர் வைக்காத தாழ்வு மண்டலம்னா பயப்பட வேண்டாம் இல்லையா சார்?

பெயர் காற்றைப் பார்த்து வைப்பது. மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், பெயர் கிடைக்கும். தாழ்வு மண்டலத்தில் 49 வரை, ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தில் 61 வரை. மழைக்கும் இதற்கும் நேர் சம்பந்தம் இல்லை. மேலே சொன்ன காயல்பட்டினம் மழைக்குப் பெயரே கிடையாது. 2008-ல் நிஷா காற்றில் சாதாரணப் புயல்தான். ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. கொட்டியது. தென்னை வைத்திருப்பவர் காற்று வேகத்தைப் பாருங்கள். நெல் வைத்திருப்பவர் அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள். 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அப்படியே நின்றுகொண்டது; காற்று இல்லை, டெல்டா மூழ்கியது.

நாகூர்: துறைமுகத்துல 3-ம் எண் கூண்டு ஏத்தியிருக்காங்க. வயலுக்கு என்ன அர்த்தம்?

அது கப்பலுக்கு. 8, 9, 10 ஏறினால் வயலை மறந்து வீட்டைப் பாருங்கள்.

வலங்கைமான்: கதிர் சாஞ்சு தண்ணியில கிடக்கு. முளைக்க ஆரம்பிச்சா என்ன பண்றது?

தண்ணீரை வடிப்பதுதான் முதல், இரண்டாவது, மூன்றாவது வேலை. நாலைந்து குத்தாகச் சேர்த்து நிமிர்த்திக் கட்டினால் கதிர் தண்ணீரை விட்டு மேலே நிற்கும். கூலி கட்டுபடியாகும் இடத்தில் மட்டும். ஈரத்தில் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, செயின் மிஷினுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 2023 பிப்ரவரியில் 20 வரை தளர்த்தினார்கள், ஆனால் உத்தரவு வருவதற்குள் நிறைய நெல் ரோட்டில் முளைத்துவிட்டது. தளர்வை நம்பி அறுக்காதீர்கள்.

நீடாமங்கலம், ஒரு அம்மா: நடவுக்குப் போற இடத்துல இடி இடிச்சா முதலாளி ‘சும்மா தூரத்துல’ங்கறாரு. நாங்க எந்திரிச்சுப் போகலாமா?

போங்கம்மா. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில்தான் இருக்கிறது. திறந்த வயலில், முழங்கால் தண்ணீரில், சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். மரத்தடி வேண்டாம், பம்பு செட் கொட்டகைக் கம்பிவேலியில் சாய வேண்டாம். ஓட்டு வீடோ மாடி வீடோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்க வேண்டும். ‘தாமினி’ செயலியில் பக்கத்தில் விழும் மின்னல் தெரியும். முதலாளி போனில் அதைப் போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேரக் கூலியைப் பிடித்தால் அவர் வயலில் அடுத்த நாள் யாரும் இறங்காதீர்கள், இதை நானே சொன்னேன் என்று சொல்லலாம்.

பாபநாசம்: விண்டி ஆப்புல பத்து நாள் முன்னாடியே நாகைக்குப் புயல்னு காட்டுது. நம்பலாமா?

பத்து நாள் படத்தை வேடிக்கையாகப் பாருங்கள். ஐந்து நாளுக்குள் வந்தால் வடிவாய்க்காலைப் பாருங்கள். மூன்று நாளுக்குள் வந்தால், வானிலைத் துறையும் அதையே சொன்னால், காயை இறக்குங்கள். கடைசி ஆறு மணி நேரத்துக்குக் காரைக்கால் ரேடார் படம் போதும்.

முத்துப்பேட்டை, பள்ளி மாணவர்: வீட்டிலேயே மழை அளக்க முடியுமா தாத்தா?

முடியும்டா கண்ணா. பக்கச் சுவர் நேராக இருக்கும் டப்பா ஒன்றை எடுத்துக்கொள். வாய் விரிந்த வாளி ஆகாது. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வை. காலை எட்டரைக்கு ஸ்கேலை நட்டுப் பார். தண்ணீர் எத்தனை செ.மீ. நிற்கிறதோ அத்தனை செ.மீ. மழை. எழுதிவிட்டுக் கொட்டிவிடு. மாட்டுக்கு எட்டாத உயரத்தில் வைக்க மறக்காதே. என் நோட்டில் நிவர் புயல் அன்றைக்கு வெறும் கோடுதான் இருக்கிறது. அன்றைக்கு எவ்வளவு பெய்தது என்று எங்கள் வீட்டுப் பசுவுக்குத்தான் தெரியும்.