அம்மாவின் அறையில் டிரம் கிட் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஒரு அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. மனைவி, எட்டு வயது மகள், 71 வயது அம்மா. பள்ளி நாளிலிருந்தே டிரம்ஸ் கற்க ஆசை. இப்போதுதான் 50,000 ரூபாய் ஒதுக்க முடிந்தது. மூன்று மாதமாக ரிவ்யூக்களைப் பார்த்து அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ், யமஹா டிடிஎக்ஸ்402கே என்ற இரண்டு எலக்ட்ரானிக் டிரம் கிட்டுகளில் வந்து நிற்கிறேன். அடிக்கிற பரப்பு வலை போன்ற மெஷ்ஷாக இருப்பதை வாங்கலாமா, ரப்பர் போதுமா? இரவு 9 மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். ஹாலில் சோபா இருப்பதால் அம்மா அறையில் வைக்கலாம் என்றிருக்கிறேன். அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் தொந்தரவு இருக்காது.

பதில்: மெஷ்ஷா ரப்பரா என்பது கிடக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் காது கேட்கவில்லை. சரி, காட்டினீர்களா? எந்த டாக்டர் பார்த்தார், என்ன சொன்னார்? டிரம் கிட்டைப் பற்றி மூன்று மாதம் படித்தவர் அம்மாவின் காதைப் பற்றி ஒரு நாள் படித்ததாகக் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. அவர் காது கேட்காததை இட வசதிக்கான ஒரு காரணமாக மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆசை இருப்பது தப்பில்லை தம்பி, 36 வயதில் டிரம்ஸ் தொடங்குவதும் தப்பில்லை. இது தப்பு.

உங்கள் கணக்கும் தப்பு. வயதாகிக் காது மங்கும்போது பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உச்ச ஸ்தாயி ஒலிகள்தான். பேச்சில் ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை மங்கிவிடும், அதனால்தான் பெரியவர்கள் "நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பார்கள். அடித்தொண்டைச் சத்தமும் தரையில் இடிக்கிற சத்தமும் அவர்களுக்குக் கடைசிவரை ஓரளவு நன்றாகவே கேட்கும். எலக்ட்ரானிக் கிட்டில் ஹெட்ஃபோன் போட்டாலும் வெளியே அதிகம் போவது எது? பெரிய டிரம்முக்காகக் காலால் இயக்குகிற கிக் பெடலை மிதிக்கும்போது தரை வழியாகப் போகிற "தொம் தொம்"தான். அவர் கட்டில் அதே தரையில்தான் நிற்கிறது. பேத்தியின் பேச்சு கேட்காத அம்மாவுக்கு உங்கள் கிக் பெடல் மட்டும் நன்றாக எட்டும், அதுவும் இரவு 9 மணிக்கு மேல்.

இன்னொன்றையும் யோசித்தீர்களா? அவருக்குக் காது கேட்காது, உங்கள் காதில் ஹெட்ஃபோன். இருட்டில் அவர் எழுந்து பாத்ரூம் போகும்போது தடுமாறினால், "தம்பி" என்று கூப்பிட்டால், அதே அறையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குக் கேட்குமா?

அந்த அறை அவருடையது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமல் அவர்கள் அறையில் பொருளை இறக்குகிற வழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. பழைய டிவி, இஸ்திரிப் பலகை, அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான் போகும், அவர்களும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லவில்லை என்பதற்காக அது சம்மதம் ஆகாது. காது கேட்காதவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்குவார்கள். நாமும் "அவங்களுக்கு எதுவும் தெரியறதில்ல" என்று முடிவுகட்டிவிடுவோம். நடுவயதிலிருந்தே கவனிக்காமல் விடப்படும் செவித்திறன் குறைவு மறதிநோய்க்கான, தவிர்க்கக்கூடிய அபாயக் காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024 அறிக்கையிலும் சேர்த்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் சும்மா விடுகிற விஷயம் இல்லை என்கிறேன்.

ஆகவே வரிசை இதுதான். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சில சமயம் காதில் இறுகிப்போன அழுக்கை எடுத்தாலே பாதி சரியாகும். இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள், அது வலிக்காத, சிறிது நேரத்தில் முடிகிற பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். காது கருவி வேண்டும் என்றால் உங்கள் 50,000-த்தில் முதலில் அதற்குத்தான் செலவு. கருவியை வாங்கிக் காதில் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பழகச் சில வாரம் ஆகும், ஒலி அளவைத் திருத்த இரண்டு மூன்று தடவை செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் போக வேண்டிவரும். அந்த நடை உங்களுடையது, மனைவி தலையில் கட்டாதீர்கள். பாதியில் விட்டால் கருவி அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும், எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்திருக்கிறது.

அந்த வாரங்களில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேடும், 5ஏ அளவுக் குச்சி ஒரு ஜோடியும் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் போட்டு நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒற்றை அடி, இரட்டை அடி, பாரடிடில், அதாவது வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. முதலில் இதுவே ஏராளம். ஒரு ஆசிரியரிடம் போனால் குச்சிப் பிடியைச் சரிசெய்து விடுவார், தப்பான பிடியோடு கிட்டில் உட்கார்ந்தால் மணிக்கட்டு வலியோடு எழுந்திருப்பீர்கள். மெட்ரோனோமோடு தினமும் இருபது நிமிடம் உட்கார முடிகிறதா என்பது அந்தச் சில வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி கிட். மெஷ் பரப்பில் குச்சி துள்ளுவது நிஜ டிரம்முக்குக் கொஞ்சம் நெருக்கம், குச்சி படுகிற சத்தமும் குறைவு. 1997-இல் ரோலண்ட் டிடி-10 கிட்டோடு மெஷ்ஷைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். நைட்ரோ மேக்ஸில் ஸ்னேர், அதாவது அதிகம் அடிக்கிற நடு டிரம், 10 அங்குல மெஷ், கை பழகுவதற்கு நல்லது. ஆனால் அதில் கிக் தூண் போல நிற்கும் தனி பேட், அதை நிஜ பெடலின் பீட்டர், அதாவது பெடலோடு இருக்கிற சின்னச் சுத்தியல், போய் அடிக்கும். டிடிஎக்ஸ்402கே-யில் பேட் எல்லாம் ரப்பர், கிக் மட்டும் பீட்டரே இல்லாத பெடல், தரைக்குப் போகிற அதிர்வு குறைவு. தரைத்தளத்தில் தனி வீடு என்றால் யோசிக்காமல் நைட்ரோ மேக்ஸ் சொல்வேன். இரண்டாவது மாடியில், கீழே ஒரு குடும்பம் இருக்கிற வீட்டில் வாசிக்கப்போகிற உங்களுக்கு யமஹாதான். கொஞ்சம் துள்ளல் குறைந்தாலும் பரவாயில்லை.

எதை வாங்கினாலும் அடியில் வெறும் பாய் போதாது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பொருத்தி மேடை செய்து அதன் மேல் கிட்டை வைப்பது டிரம்மர்கள் வெகுகாலமாகச் செய்வது, உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். உட்காரும் ஸ்டூல், ஹெட்ஃபோன் இரண்டும் பொதுவாகக் கிட்டோடு வராது, பட்ஜெட்டில் சேருங்கள். ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடுகிற, வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் நீங்கள் அடிப்பதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே தாமதம் வந்து தாளமே கெட்டுவிடும். சத்தத்தையும் குறைத்தே வையுங்கள், 85 டெசிபலுக்கு மேல் நீண்ட நேரம் கேட்டால் காது சேதமாகும், அது திரும்பாது.

இடம் ஹாலில்தான். நாலுக்கு ஐந்து அடி போதும், சோபாவை விற்றுவிடுங்கள். இரவு 9 மணிக்கு மேல் பிராக்டிஸ் பேட் மட்டும், கிட் வேண்டுமானால் காலை ஆபீஸுக்கு முன்னால், அல்லது ஞாயிறு பகலில். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள், நீங்கள் மிதிக்கும்போது மனைவியைக் கீழே நிற்கவைத்து எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். அம்மாவிடமும் நேரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசி, இந்த வீட்டில் டிரம்ஸ் வருவது அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். கருவி மாட்டிய பிறகு கேளுங்கள்.