டச் ஸ்கிரீனில் கேம் ஆடுவது: கேட்டவையும் என் பதில்களும்

கையடக்க கேம் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில், அவற்றில் ஆடுவது என் பொழுதுபோக்கு. தொடுதிரை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: கேமுக்குள் டச் ஸ்கிரீனைக் கொண்டுவந்தது ஐபோன்தானே அண்ணா?

இல்லை தம்பி. 1997-லேயே டைகர் என்ற அமெரிக்க நிறுவனம் 'கேம்.காம்' என்று ஒரு கருவி விட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, கூடவே அதைத் தொடப் பேனா போன்ற ஒரு ஸ்டைலஸ். அது எடுபடவில்லை. பாதை போட்டது 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த, இரண்டு திரை உள்ள கையடக்கக் கருவி நிண்டெண்டோ டிஎஸ். ஐபோன் வந்தது 2007-ல், ஆப் ஸ்டோர் திறந்தது 2008-ல். டிஎஸ் வரிசை மொத்தம் 15 கோடியே 40 லட்சம் விற்றது.

கேள்வி: டிஎஸ்ஸில் எதற்கு இரண்டு திரை? கீழே மட்டும் ஏன் டச்?

தொடும் கை திரையை மறைக்கும். தொடுதிரை கேமின் பெரிய தொல்லையே இதுதான். டிஎஸ்ஸில் மேல் திரையைக் கை மறைக்காது, அதனால் பார்க்க வேண்டியதை அங்கே வைக்க முடிந்தது. ஸ்டைலஸ் முனையும் விரலை விட மெல்லியது.

ஆனாலும் நல்லது கெட்டது இரண்டும் அந்தக் கருவியிலேயே இருந்தன. முதல் நாளே வந்த 'சூப்பர் மாரியோ 64 டிஎஸ்', அனலாக் ஸ்டிக்குக்காக, அதாவது கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் குச்சிக்காகச் செய்த கேம். டிஎஸ்ஸில் ஸ்டிக் கிடையாது. அதனால் கட்டைவிரலைத் திரையில் தேய்த்து ஓட வைத்தார்கள். ஓடும், ஆனால் நடு எது, ஓரம் எது என்று விரலுக்குத் தெரியாது. 2007-ல் வந்த 'செல்டா: பேண்டம் ஹவர்கிளாஸ்' வேறு ரகம். பூமராங் எந்த வழியாகப் போக வேண்டுமோ அந்த வழியைத் திரையில் கோடாகப் போட்டால் போதும், அப்படியே சுற்றிவிட்டு வரும். வரைபடத்தில் நம் கையாலேயே குறிப்பு எழுதி வைக்கலாம். 2005-ன் 'கிர்பி: கேன்வாஸ் கர்ஸ்'ஸில் நாம் வரையும் கோடுதான் கிர்பிக்குப் பாதை, கோடு போடும் மையும் அளவோடுதான் கிடைக்கும். இதையெல்லாம் பட்டனில் செய்யவே முடியாது. பட்டனுக்குப் பதிலாகத் தொடுதிரையை வைத்தால் அது பட்டனிடம் தோற்கும். பட்டனால் ஆகாததைக் கொடுத்தால் அதற்கு ஈடு இல்லை. இந்த விஷயத்தில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

கேள்வி: பழைய டிஎஸ்ஸில் நகம் பட்டாலும் வேலை செய்கிறது. போனில் ஏன் இல்லை?

டிஎஸ் திரை அழுத்தத்தால் வேலை செய்வது. மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய அடுக்குகள், நடுவே கொஞ்சம் இடைவெளி. எதை வைத்து அழுத்தினாலும் இரண்டும் ஒட்டும், ஒட்டிய இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அது ஒழுங்காகப் படிக்கும். போன் கண்ணாடிக்கு அடியில் ஒரு மின்புலம் இருக்கிறது. விரல் பக்கத்தில் வந்தாலே அது மாறும். பல விரல்களைச் சேர்ந்தாற்போல் படிக்கும், நகத்தையும் பிளாஸ்டிக் குச்சியையும் கண்டுகொள்ளாது.

கேள்வி: போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை நான்கு விரலில் ஆடுகிறேன். விரல் வியர்த்தால் குறி பார்க்கும் ஸ்கோப் குதிக்கிறது. 240 ஹெர்ட்ஸ் டச் உள்ள போன் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. வியர்வையும் மின்சாரம் கடத்தும். திரை அதையும் விரல் என்று எண்ணிக்கொள்ளும், அல்லது விரல் எங்கே என்று குழம்பும். வெள்ளி நூல் கலந்து நெய்த விரல் உறை கடையில் கிடைக்கிறது, விலையும் கம்மிதான். கட்டைவிரலுக்கு மட்டும் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடுகிறீர்களா? மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலும் தொடாத இடத்தில் தொட்டதாகக் காட்டும். கழற்றிவிட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள்.

240 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 தடவை, அதாவது சுமார் 4 மில்லி நொடிக்கு ஒரு தடவை, விரலின் இடத்தைத் திரை பார்க்கிறது. கேம் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடினால் படமே 16, 17 மில்லி நொடிக்கு ஒரு தடவைதான் மாறும். அதனால் இந்த எண்ணுக்காக மட்டும் போன் மாற்ற வேண்டாம். அதற்குப் பதில் போனின் சாய்வை உணரும் ஜைரோவைப் பழகுங்கள். பெரிய திருப்பத்துக்கு விரல், கடைசி நூலிழைக் குறிக்குப் போனைச் சாய்ப்பது. முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும், பழகியபின் விடமாட்டீர்கள்.

கேள்வி: ஸ்விட்ச்சில் டச் இருந்தும் கேம்கள் ஏன் அதைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை?

நிண்டெண்டோவின் ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்து ஆடும்போது அதன் திரையைத் தொட வழியில்லை. டிவியிலும் ஓட வேண்டும் என்று நினைப்பவர் டச்சை நம்பி எதையும் கட்ட முடியாது. 'சூப்பர் மாரியோ மேக்கர் 2'-ல் கையில் வைத்துத் தொட்டுத் தொட்டு லெவல் கட்டிப் பாருங்கள், அப்புறம் டிவியில் பட்டனால் கட்டிப் பாருங்கள். எதை இழந்தோம் என்று புரியும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: சோனியின் கையடக்கக் கருவி பிளேஸ்டேஷன் வீட்டாவின் பின்பக்க டச் எப்படி?

பிடிக்கும் விரல்கள் ஓய்வாக இருக்கிற இடத்திலேயே வைத்துவிட்டார்கள், அதனால் தெரியாமல் பட்டுவிடும். நன்றாகப் பயன்படுத்தியது 2013-ல் வந்த 'டேர்அவே'. பின்னால் விரலை வைத்தால் காகித உலகத்துக்குள் உங்கள் விரலே கிழித்துக்கொண்டு வருவது போலத் தெரியும்.

கேள்வி: நான் இடது கைக்காரி. பழைய 3டிஎஸ் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்குங்கள், டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த கருவி அது, டிஎஸ் கேம்களும் அதில் ஓடும். ஆனால் கேம் பார்த்து எடுங்கள். 'மெட்ராய்டு பிரைம் ஹண்டர்ஸ்' போன்றவற்றில் இடது கைக்குத் தனி அமைப்பு உண்டு. வலப்பக்க நான்கு பட்டன்களால் நகர்ந்து, இடது கையில் ஸ்டைலஸ் பிடிக்கலாம். 'கிட் இகாரஸ்: அப்ரைசிங்' சிரமம். நகர்த்தும் வட்டத் தட்டு இடப்பக்கம் மட்டுமே இருக்கிறது, வலப்பக்கத்துக்குச் 'சர்க்கிள் பேட் ப்ரோ' என்ற துணைக்கருவி தேவைப்படும். வலது கைக்காரர்களுக்கே கை வலிக்கும் கேம் அது, பெட்டியிலேயே ஒரு ஸ்டாண்டு வைத்துக் கொடுத்தார்கள்.

வாங்கும்போது அதிலேயே இருக்கும் குறிப்பெழுதும் வசதியான கேம் நோட்ஸைத் திறந்து மூலைக்கு மூலை மெதுவாகக் கோடு போடுங்கள். கோடு உடைந்தாலோ தாவினாலோ முதலில் செட்டிங்ஸில் கேலிபரேட் செய்யச் சொல்லுங்கள், அதாவது தொடும் இடத்தைத் திரைக்குச் சரியாகப் பொருத்தச் சொல்லுங்கள். தொடாமலே ஓரத்தில் அழுத்தியது போல நடந்தால், சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே தூசி சேர்ந்திருக்கலாம். மெல்லிய காகிதத்தை ஓரமாக விட்டு இழுத்தால் பல நேரம் சரியாகிவிடும். கடையில் இதையெல்லாம் பார்க்க விடவில்லை என்றால் வாங்காதீர்கள். 2023 மார்ச்சில் 3டிஎஸ்ஸின் இணையக் கடையை நிண்டெண்டோ மூடிவிட்டது, இனி கார்ட்ரிட்ஜ்தான்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டாக மொபைல் கேம் செய்கிறோம். திரையில் பட்டன் வைக்கலாமா சார்?

முடிந்தவரை வேண்டாம். 'டெம்பிள் ரன்' முழுக்கத் தேய்ப்பதிலும் சாய்ப்பதிலும் ஓடியது, 'ஃப்ரூட் நிஞ்சா'வில் விரலே கத்தி. வைத்தே ஆக வேண்டும் என்றால், ஜாய்ஸ்டிக்கை ஓரிடத்தில் பொருத்தாமல் கட்டைவிரல் எங்கே விழுகிறதோ அங்கே தோன்றச் செய்யுங்கள். விரல் தடவித் தேட அங்கே ஒன்றும் இல்லை, தேட வைத்தால் கண் ஆட்டத்தை விட்டு விலகிவிடும். தொடும் பரப்பு 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் படத்தை விட அதைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். எதிரி வரும் திசையைக் கட்டைவிரலுக்கு அடியில் வைக்காதீர்கள். கணினியில் போன் போல ஓடும் எமுலேட்டரில் மவுஸால் சோதித்துவிட்டு முடிந்தது என்று விடாமல், குழுவிலேயே பெரிய கை உள்ளவரிடம் சின்னப் போனைக் கொடுத்து ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.