டாக்டர் பதில்கள்: கத்தி யாரோடதுன்னு ஆட்டுக்குத் தெரியுமா?

(பதில் சொல்றவர் ஆடு அறுக்கிற கூடமான ஆட்டுத்தொட்டியில டூட்டி பாத்து ரிட்டயர் ஆன கால்நடை டாக்டர். இந்த வாரம் வந்த கேள்வி எல்லாமே கறிக்கடை சமாச்சாரம்தான்.)

வாசகி, ஈரோடு: டாக்டர் சார், எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. ஹலால் கடையில ஆட்டைத் துடிக்கத் துடிக்க அறுக்குறாங்களாம், ஒரே வெட்டுல தலையைத் துண்டாக்குற கடையிலதான் வாங்கணுமாம். நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து பாய் கடையிலதான் வாங்குறேன். இப்ப வீட்டுல தினம் இதே பேச்சு. எது உண்மை?

அந்த ஃபார்வர்டு எழுதினவர் ஆட்டுத்தொட்டி வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டார்ம்மா. நம்ம ஊர்ல பாய் கடையோ, முருகன் படம் மாட்டி வச்சிருக்கிற பக்கத்துக் கடையோ, ரெண்டுலயும் ஆட்டை மயக்காமதான், அதாவது கரண்ட் மாதிரி எதையும் வச்சு முன்கூட்டியே நினைவு தப்ப வைக்காமதான், அறுக்குறாங்க. பேர்ப் பலகை மாறுதே தவிர ஆட்டோட கதை மாறல.

ஹலால் முறையில அல்லாஹ் பேரைச் சொல்லி, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், ரெண்டு பக்க ரத்தக்குழாய் எல்லாத்தையும் சேர்த்து அறுப்பாங்க, தண்டுவடத்தைத் தொட மாட்டாங்க. வெள்ளாடு செம்மறிக்கு மூளைக்குப் போற ரத்தம் முக்காவாசி கழுத்து முன்பக்கக் குழாய் வழியாத்தான் போகுது, அதனால கத்தி நல்ல கூரா இருந்து ஒழுங்கா அறுத்தா சில நொடியில நினைவு தப்பிடும், அதுக்கப்புறம் காலு உதைக்கிறது வலியில இல்ல, நரம்பு தானா இழுக்குறது. ஒரே வெட்டும் சரியா விழுந்தா சீக்கிரமே முடிஞ்சிரும்தான். ஆனா அருவா மொக்கையா இருந்தா, இல்ல வெட்டுற ஆளுக்குக் கை நடுங்கினா, ரெண்டாவது வெட்டு மூணாவது வெட்டுன்னு போகும், அதைப் பாக்க சகிக்காது. ஆக ஆளோட கையும் கத்தியோட கூரும்தான் கணக்கு.

வலியே இருக்காதுன்னு சொல்ற எதிர்க்கட்சி ஃபார்வர்டும் ஒண்ணு வரும், அதையும் நம்பாதீங்க. மயக்காம அறுத்தா அந்தச் சில நொடி வலி இருக்கத்தான் செய்யும். மாடுன்னா இன்னும் மோசம், அதுக்குப் பின்கழுத்து எலும்பு வழியாவும் மூளைக்கு ரத்தம் போறதால நினைவு போக அரை நிமிஷம்கூட ஆகலாம், அறுத்த குழாயோட முனை வீங்கி அடைச்சுக்கிட்டா அதையும் தாண்டி இழுக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 28-வது பிரிவு, ஒரு சமூகத்தோட மதம் கேக்குற முறையில கொன்னா அது குற்றமில்லைன்னு விட்டுருச்சு. 2001-ல வந்த இறைச்சிக்கூட விதிகள்ல மயக்குறதுக்குத் தனி இடம் வேணும், ஒரு மிருகம் பாக்க இன்னொண்ணை அறுக்கக்கூடாது, சினை ஆட்டையும் மூணு மாசத்துக்குட்பட்ட குட்டியையும் தொடக்கூடாது, ஒரு டாக்டர் மணிக்கு 12, நாளைக்கு 96-க்கு மேல பரிசோதிக்கக்கூடாதுன்னு எல்லாம் இருக்கு. தீபாவளிக்கு முந்தின ராத்திரி தொட்டியில நின்னு பாத்தவனுக்கு அந்த 96-ஐப் படிச்சா சிரிப்புதான் வரும்.

என்னைக் கேட்டா கத்தி படுற நொடியை மட்டும் வச்சு சண்டை போடுறது வீண். ஆந்திரா, ராஜஸ்தான்ல இருந்து லாரியில நெருக்கி ஏத்தி, தண்ணி காட்டாம, கீழ விழுந்த ஆட்டு மேல இன்னொண்ணு மிதிச்சு நின்னு, வந்ததும் காதைப் பிடிச்சு, காலைப் பிடிச்சு இழுத்துப் போடுறாங்களே, அது மணிக்கணக்கு. அப்படிப் பயந்து களைச்ச ஆட்டோட உடம்புல இருக்கிற சர்க்கரைச் சத்து தீர்ந்து போயிருக்கும், கறி கருத்து பிசுபிசுன்னு இருக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும். நம்ம சுயநலத்துக்குப் பாத்தாலும் அங்கதான் கவனிக்கணும். உங்க பாய்கிட்ட கேக்கணும்னா ஆடு எங்க இருந்து வருது, எப்ப வந்துச்சு, டாக்டர் பரிசோதிச்சதுக்கான தொட்டி சீல் இருக்கான்னு கேளுங்க.

வாசகர், ஹாரோ, லண்டன்: இங்க சூப்பர் மார்க்கெட்ல ஹலால்னு போட்டிருக்கு, ஆனா மயக்கி அறுத்ததா இல்லையான்னு தெரியல. பெல்ஜியத்துல மயக்காம அறுக்கிறதையே தடை பண்ணிட்டாங்களாமே? இங்கயும் வருமா?

வருமா வராதான்னு ஜோசியம் சொல்ல மாட்டேன். பெல்ஜியத்துல முழு நாட்டுக்கும் தடை இல்ல, ஃபிளாண்டர்ஸ் பகுதியில 2019 ஜனவரியிலயும் வலோனியாவுல அதே வருஷம் செப்டம்பர்லயும் வந்துச்சு, பிரஸ்ஸல்ஸ்ல இல்ல. மயக்காம அறுக்கிறதுதான் எங்க மத முறைன்னு யூத, முஸ்லிம் அமைப்புகள் கோர்ட்டுக்குப் போனாங்க. ஐரோப்பிய யூனியன் கோர்ட் 2020 டிசம்பர்ல தடை செல்லும்னுச்சு, ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டும் 2024 பிப்ரவரியில இதுல மத சுதந்திர மீறல் இல்லைன்னு சொல்லிருச்சு.

இதுக்குப் பின்னாடி ஒரு அழுக்குச் சரித்திரமும் இருக்கு. சுவிட்சர்லாந்து 1893-லயே ஓட்டெடுப்பு நடத்தி தடை பண்ணுச்சு, அதுல மிருக பாசத்தோட யூத வெறுப்பும் சேர்ந்தே இருந்துச்சு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல முதல் சில மாசத்துலயே போட்ட சட்டத்துல இதுவும் ஒண்ணு. அதனால அங்க இருக்கிற யூதர்களுக்கு இந்தப் பேச்சு எடுத்தாலே வயித்தைக் கலக்குறதுல ஆச்சரியமில்ல. அதுக்காக மிருகத்துக்கு வலிக்குதுன்னு சொல்ற எல்லாரையும் வெறியன்னு முத்திரை குத்திட முடியாது, மயக்குறது நல்லதுன்னுதான் என் மாதிரி கால்நடை டாக்டர்ங்க பெரும்பாலும் சொல்லுவாங்க.

உங்க ஊர்ல ஹலால்னு விக்கிறதுல பெரும்பாலானது மயக்கி அறுத்ததுதான், ஹலால் சான்று குடுக்கிற அமைப்போட லோகோவைப் பாருங்க. எச்எம்சி சீல்னா மயக்காதது, எச்எஃப்ஏ மயக்குறதை ஏத்துக்குது. யூதர்களோட கோஷர் முறையில மயக்குறதே கிடையாது, ஆனா அவங்க கத்தியில நகத்தை வச்சுத் தடவி ஒரு சின்னப் பிசிறு இருக்கான்னு பாக்குற பழக்கம் எல்லா ஆட்டுத்தொட்டிக்கும் வரணும்னு எனக்கு ஆசை. ஹலால், கோஷர்னு எழுதுறதை விட மயக்கினது, மயக்காததுன்னு பாக்கெட்ல எழுதினாலே பாதி சண்டை தீர்ந்துரும், ஆனா கம்பெனிக்காரங்களுக்கு அதை எழுத மனசு வராது.

வாசகர், மேலப்பாளையம்: மயக்கிட்டு அறுத்தா ஹலாலா டாக்டர்?

மார்க்கத் தீர்ப்பை உங்க ஹஜ்ரத்துகிட்டதான் கேக்கணும் தம்பி, அது என் வேலை இல்ல. என் பக்கத்து விஷயம் மட்டும் சொல்றேன். தலையில கரண்ட் வச்சு மயக்குற முறையில, அறுக்காம விட்டா ஆடு கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு மேயப் போயிரும், சாகாது. அந்த ஒரு காரணத்தாலதான் மலேசியாவும் நியூசிலாந்து ஏற்றுமதிக்காரங்களும் அதை ஹலால்னு ஒத்துக்குறாங்க. மயக்கினா ரத்தம் சரியா வடியாதுன்னு ஒரு பேச்சு உண்டு, சோதிச்சுப் பாத்ததுல பெரிய வித்தியாசம் இல்ல. மத்தபடி, கத்தியை நல்லாத் தீட்டிக்கோ, அறுக்கிற பிராணிக்கு சிரமம் குடுக்காதேன்னு ஹதீஸ்லயே இருக்கு, பக்ரீத் அன்னைக்கு ஒரே கத்தியை வச்சுக்கிட்டு தெரு பூரா ஓடுறவங்ககிட்ட அதை எடுத்துச் சொல்லுங்க.

வாசகி, உசிலம்பட்டி: மக காலேஜ் போனதுல இருந்து குலசாமி கோயில் கெடா வெட்டுக்கு வரமாட்டேங்குறா. பாவம்னு சொல்றா. ஆனா பிரியாணி திங்கிறா. அவளுக்கு என்ன பதில் சொல்ல?

பிரியாணியை வச்சு அவ வாயை அடைக்காதீங்கம்மா, கொஞ்சம் கேளுங்க. கெடா வெட்டை நம்ம ஊர்ல சட்டம் போட்டு நிறுத்திப் பாத்தாச்சு. 1950-லயே பலி தடைச் சட்டம் இருந்துச்சு, யாரும் கண்டுக்கல, 2003-ல ஜெயலலிதா அரசாங்கம் கறாரா அமல்படுத்தச் சொன்னதும் கிராமம் கிராமமா கொந்தளிச்சாங்க, 2004-ல சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. ஹலாலைத் திட்டுறவங்க இதைப் பத்தி மூச்சு விட மாட்டாங்க, ரெண்டு இடத்துலயும் மயக்குறது கிடையாதே.

வீட்டுல வளந்த கெடா, லாரி ஏறாதது, கடைசி வரைக்கும் தழை தின்னது. அந்த வகையில கடை ஆட்டை விட அதுக்கு வாழ்க்கை மேல். கஷ்டம் எங்கன்னா, மஞ்சத் தண்ணி ஊத்திட்டு அது சிலிர்த்தாத்தான் சாமி உத்தரவுன்னு நிக்க வைக்கிறீங்களே, மேளச் சத்தத்துல, கூட்டத்துல, முன்னாடி வெட்டின கெடாவோட ரத்தத்து மேலயே நிறுத்தி, சிலிர்க்கலேன்னா இன்னொரு குடம் ஊத்தி! ஒவ்வொரு கெடாவையும் தனியா மறைவுல வச்சிருந்து கொண்டு வாங்க, தண்ணி ஊத்தறதை சன்னதிக்கு எதிர்ல வச்சுக்கிட்டு வெட்டுறதை ஒதுக்குப்புறமா வச்சுக்கலாமான்னு பூசாரிகிட்ட பேசுங்க. பொண்ணு வரலேன்னா விட்டுருங்க, பொங்கல் வைக்க வரட்டும்.

வாசகர், கோவை: கோழிக்கடையில என்ன பாத்து வாங்கணும்?

கூண்டுல தண்ணி இருக்கா, கோழி வாயைப் பொளந்து மூச்சு வாங்குதான்னு முதல்ல பாருங்க. ஸ்கூட்டர் ஹேண்டில்ல காலைக் கட்டித் தலைகீழா தொங்க விட்டு வர்ற கடையில வாங்காதீங்க. கழுத்தை அறுத்து டிரம்முக்குள்ள போட்டதும் சத்தம் அடங்குற வரைக்கும் விடணும், கூட்டம் இருக்குன்னு உடனே எடுத்து உரிக்கிறாங்கன்னா "அண்ணா, கொஞ்சம் பொறுங்க, எனக்கு அவசரமில்ல"ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் போனா சொல்லவும் முடியாது, கேக்கவும் மாட்டாங்க, சனிக்கிழமை சாயந்திரம் போங்க.

வாசகர், கும்பகோணம்: மீனுக்கு மட்டும் ஏன் சார் யாரும் பேசறதில்ல?

அது கத்தாதே, அதான். விரால் வெளிய இருக்கிற காத்தையே மூச்சா இழுக்கிற மீனு, தண்ணியை விட்டு எடுத்தும் ரொம்ப நேரம் உசுரோட கிடக்கும், நம்ம ஆளுங்க அப்படியே சாம்பலைப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுருவாங்க. மார்க்கெட்ல மீன் வெட்டுற அக்காகிட்ட சொல்லி, கட்டையால மண்டையில ஓங்கி ஒரு அடி போட்டுட்டு அப்புறம் சாம்பல் போடச் சொல்லுங்க.