29 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தால் வீட்டில் சொல்லலாமா? இனிமேல் தெரிந்து என்ன பயன்?

கேள்வியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "29 வருஷம் எப்படியோ ஓட்டிவிட்டேன், இனிமேல் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்று. அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கு 37 வயது, 34-இல்தான் தெரிந்தது. ஊர் திருநெல்வேலி, ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்களுக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் பெண்ணாக இருப்பீர்கள், வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதனால்தான் சொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

உண்மையான பெயர் தெரியாத வரைக்கும் ஊர் ஒரு பெயர் வைத்துவிடும். எனக்கு வைத்தது திமிர். முகம் கொடுத்துப் பேசமாட்டாள், திமிர். விசேஷ வீட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவாள், திமிர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பாள், அதுவும் திமிர். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் இதே காரணத்தைத் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தால் அவர் பேசுவது எனக்குக் காதில் ஏறாது, பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் நான் சுவரையோ தரையையோதான் பார்க்க வேண்டும். மரியாதையாகக் கேட்பதற்காகத்தான் முகத்தைத் திருப்பினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

2012-இல் என் தங்கைக்குக் கல்யாணம். அக்கா இருக்கும்போது தங்கைக்கு முடிக்கிறார்களே என்ற பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே பட்டுப்புடவையின் ஜரிகை இடுப்பில் அறுத்துக்கொண்டே இருந்தது, தலையில் வைத்த பிச்சிப்பூ வாசம் தொண்டை வரை இறங்கிக் குமட்டியது. வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள், வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தோளைத் தொட்டு "உனக்கு எப்போ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். அப்புறம் வீடியோக்காரரின் லைட். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு முகூர்த்தத்துக்கு மேடைப் பக்கம் போய் நின்றுவிட்டேன். கெட்டிமேளத்துக்குக் கை காட்டினதும் தவில் இரண்டும் சேர்ந்து எழுந்தபோது, எப்படிச் சொல்வது, பல் டாக்டர் நரம்பைத் தொட்டால் உடம்பு தூக்கிப்போடுமே, அந்த வலி தலைக்குள் வந்தது. கையில் அட்சதையோடு நடந்து போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பந்தி நடக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம், உள்ளே வாழை இலைக் கட்டும் தேங்காய் மூட்டையும் பூசணிக்காயும் கிடந்தன, இருட்டாக இருந்தது. இலைக் கட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ, அத்தை வந்து லைட்டைப் போட்டாள்.

"என்னட்டி பண்ணுத இங்க? அங்க தங்கச்சி கழுத்துல தாலி ஏறிட்டு, நீ இங்க வந்து உக்காந்திருக்க. பொறாமையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. இதற்கு ஷட்டவுன் என்று ஒரு பெயர் இருப்பது ஒன்பது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அத்தைக்கும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த நான்கு பேருக்கும் நான் பேசாமல் இருந்ததே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. தங்கைக்குப் போட வைத்திருந்த அட்சதை வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கு வந்துதான் கழுவினேன். கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் இல்லை. தங்கை எட்டு மாதம் என்னிடம் பேசவில்லை. திமிர் என்று சொல்லிச் சொல்லி அதை நானே பாதி நம்பிவிட்டேன், ஆனால் பொறாமை என்றதை இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவள் கழுத்தில் அன்றைக்குக் கிடந்ததில் இரண்டு பவுன் என் சம்பளத்தில் சேர்த்தது.

2021-இல் தூக்கமே இல்லாமல் போய், மன அழுத்தத்துக்காக ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். நாலைந்து முறை பார்த்த பிறகு அவர் உளவியலாளரிடம் அனுப்பினார், அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். இந்தியாவில் ஆட்டிசத்தை அளப்பதற்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது, ஐசா (ISAA) என்பார்கள். 40 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அது போக என் சின்ன வயதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அம்மா வெகுளியாக எல்லாவற்றையும் சொன்னாள். "தீவாளிக்குப் புதுத் துணி போட மாட்டா சார், பழைய பாவாடையத் தொவச்சுக் காயப்போட்டா அது காயுத வரைக்கும் கொடிக்குக் கீழயே நிப்பா. வேட்டுச் சத்தம் கேட்டா அரிசிப் பானைக்குப் பின்னால போயிருவா. ஒரே கதையத் தெனம் சொல்லணும், ஒரு வார்த்த மாத்திட்டா அழுவா." நான் பக்கத்தில் துப்பட்டா நுனியை விரலில் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வயதில் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரிடம் திமிர் காட்டத் தெரியும்? உங்கள் கேள்விக்கு, பெயர் தெரிந்து என்ன பயன் என்றதற்கு, என் பதில் இதுதான். அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடு கூட இறங்காமல் அழுதேன், ஆனால் அது துக்கம் மட்டும் இல்லை.

அம்மா வேறு காரணத்துக்காக அழுதாள். "நான் வளத்தது சரியில்லையாட்டி?" என்று. அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள். அமெரிக்காவில் 1950-களிலும் 60-களிலும் டாக்டர்களே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று, "குளிர்பெட்டித் தாய்" என்று அந்த அம்மாக்களுக்குப் பெயரே வைத்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவருடைய மகனுக்கும் ஆட்டிசம், 1964-இல் புத்தகம் எழுதி இது பிறவியிலேயே மூளை அமைப்பில் இருப்பது, வளர்ப்பால் வருவது கிடையாது என்று வாதாடினார். இன்றைக்கு அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "அப்போ அந்தப் பொம்பளைங்க எல்லாம் எவ்வளவு அழுதிருப்பாங்க" என்றாள்.

தமிழில் இதற்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகைகளில் மன இறுக்கம் என்கிறார்கள், அரசாங்கத் தாள்களில் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்". விண்ணப்பத்தில் முதல் தடவை அதைப் படித்தபோது பேனாவை வைத்துவிட்டேன். புற உலகம் எனக்குத் தெரியவில்லையா? டியூப்லைட் பழுதாகப் போகிறதென்றால் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குக் கேட்கும், பஸ்ஸில் ஏறினால் பத்துப் பேருடைய தலை எண்ணெயும் தனித்தனியாகத் தெரியும். உலகம் எனக்கு அளவுக்கு மீறி வருகிறது, கதவைச் சாத்த முடியாததுதான் என் கஷ்டம். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பே ஒலி, ஒளி, தொடுகை இதெல்லாம் கூடுதலாகவோ குறைவாகவோ உணரப்படுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. நாம் இன்னும் சிந்தனையற்ற என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆட்டிசம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், ஜனங்களுக்குப் புரியும்.

வேலைக்குப் போகிறாய், பஸ் ஏறுகிறாய், இவ்வளவு நீளமாக எழுதுகிறாய், உனக்கெல்லாம் ஆட்டிசமா என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். 14 வயதாகியும் பேச்சு வராத, பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டிய பையனை வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு என் மேல் கோபம் வரலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தேவைப்படுவதில் நூற்றில் ஒரு பங்கு கூட எனக்குத் தேவையில்லை, நானும் அவனும் ஒன்று என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் குக்கர் விசிலுக்கு அவன் காதைப் பொத்துகிறானே, அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அடம் பிடிக்கிறான் என்று அவனை அடிக்காதீர்கள் என்று சொல்வதற்காவது எங்களைப் பேச விடுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான், ஆட்டிசம் அதில் கிடையாது. 2016 சட்டம் அதை 21 வகையாக ஆக்கி ஆட்டிசத்தையும் சேர்த்தது, பெரியவர்களுக்குக் கிடையாது என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. அங்கே இருந்தவர் என் தாள்களைப் பிரிக்கக்கூட இல்லை. "மாசச் சம்பளம் வாங்குதீங்க, நல்லாத்தானே இருக்கீங்க, இது சின்னப் பிள்ளைங்களுக்கு உள்ளதும்மா" என்றார். திரும்பி வந்துவிட்டேன், இன்னும் போகவில்லை. வேலை செய்யும் இடத்தில் வருஷா வருஷம் "ஆட்டிட்யூட் சரியில்லை" என்று எழுதினார்கள், நம் ஊர்த் திமிருக்கு ஆபீஸ் பெயர் அது. டெங்கு சீசனில் மெஷின் காட்டும் தட்டணு எண்ணிக்கை குறைவாக வந்தால் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஸ்மியர் என்போம், அதை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும், ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தவள் நான். கவுன்டரில் சிரித்துப் பேச மாட்டேன் என்பதற்காக இரண்டு வருஷம் சம்பளம் ஏறவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இந்தக் குழாய் ஸ்பீக்கர்களைப் பற்றி யாராவது பேச வேண்டும். எங்கள் தெருவில் கோயில் கொடைக்கு மூன்று நாள், கம்பத்துக்கு இரண்டு குழாய் கட்டுகிறார்கள், ஒன்று நேராக எங்கள் ஜன்னலுக்கு. நான் சாமிக்கு எதிரி கிடையாது, வில்லுப்பாட்டு என்றால் முதல் வரிசையில் போய் உட்காருவேன், குடமும் உடுக்கும் எனக்கு ஒன்றும் செய்யாது. கட்சிக் கூட்டமானாலும் எந்த மதத்துத் திருவிழாவானாலும் குழாய் ஒன்றுதான். 2000-இல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான். திருவிழாவுக்கென்று அரசு தளர்த்தினாலும் ராத்திரி 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. எங்கள் தெருவில் இரண்டரை மணிக்கு நிறுத்தினார்கள். இருதய நோயாளி இருக்கிறார், பிறந்து இருபது நாள் ஆன குழந்தை இருக்கிறது. போய்ச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது மறுபடியும் அதே திமிர்தான்.

சரி, வீட்டில் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டாம். வரன் வீட்டுக்குச் சொல்வதா என்பது உங்கள் முடிவு, என்னைக் கேட்டால் மறைத்துக் கட்டிக்கொண்டு காலம் முழுக்க நடிப்பது ஆளைத் தின்றுவிடும். நான் முதலில் தங்கையிடம் சொன்னேன். போனில் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "கல்யாணத்தன்னைக்கு அதான் போனியா?" என்று மட்டும் கேட்டாள். போன வருஷம் அவள் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஒரு சாவியை என் கையில் திணித்தாள். "மாடியில மூணாம் நம்பர் ரூம். வேற யாருக்கும் கொடுக்கல. எப்ப வேணும்னாலும் போய்ட்டு வா." இரண்டு தடவை போனேன். காது குத்தும்போது கீழே இருந்தேன்.

அம்மாவுக்கு ஆட்டிசம் என்ற சொல் இன்னும் வாயில் நுழையவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லவும் கூச்சப்படுகிறாள். ஆனால் இப்போதெல்லாம் அடுக்களையிலிருந்து "ஏட்டி, மிக்ஸி போடப் போறேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, நான் ம் என்ற பிறகுதான் போடுகிறாள். ஏப்ரல் 2 அன்று கட்டடத்துக்கு நீல விளக்குப் போடுகிறவர்களுக்கு நன்றி, எனக்கு வேண்டியது இந்தக் குரல்தான். அத்தை மாறவில்லை, மாறுவாள் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

உளவியலாளரிடம் போகும்போது அம்மாவையோ பெரியம்மாவையோ, உங்களைச் சின்னதில் தூக்கி வளர்த்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் பாதிக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியாது. பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், "வகுப்பில் யாரோடும் சேர்வதில்லை" என்று டீச்சர் எழுதியது என்னுடையதில் மூன்று வருஷம் வரிசையாக இருந்தது.